கண்டி வாவி: ஊருக்குப் போகும் வழியில் அரை நாள்

கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி யாழ்ப்பாணம் போகிற குடும்பங்கள் பல, பிள்ளைகளுக்கு மலைநாட்டைக் காட்டவென்று கண்டியில் ஓர் இரவு தங்குகின்றன. புத்தரின் பல் வைக்கப்பட்டுள்ள தலதா மாளிகை, பேராதனைப் பூங்கா, பிறகு நேரே யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி. வாவியை வாகனத்துக்குள் இருந்தபடியே பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதற்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். யாழ்ப்பாணத்தில் நாம் 'கண்டி வீதி' என்று சொல்கிற பாதை தொடங்குவதே இந்த ஊரில்தான். வாவியை வெட்டுவித்த அரசனும் நமக்கு அந்நியன் அல்ல.

மாளிகைக்கு முன்னால் ஒரு காலத்தில் வயல்வெளி இருந்தது. அதற்குக் குறுக்கே அணை போட்டு, 1807இல் வாவியை உண்டாக்கியவன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். இயற்பெயர் கண்ணுசாமி. மதுரை நாயக்கர் உறவில் 1739இல் கண்டி அரியணை ஏறிய வம்சத்தின் நான்காவது அரசன். கடைசி அரசனும் அவன்தான். தமிழும் தெலுங்கும் வழங்கிய குடும்பம், சிங்கள நாட்டின் பௌத்த அரசர்களாக இருந்து, புத்தரின் பல்லான தந்த தாதுவைக் காத்தது. ஒரு மொழிக்கு ஒரு வரலாறு என்று பிரித்துப் படித்து வளர்ந்த நமக்கு இந்த இடம் நிறையச் சொல்லித் தரும்.

வேலையை வடிவமைத்தவர் தேவேந்திர மூலாச்சாரி. மாளிகையின் முகப்பில் நிற்கும் எண்கோண மண்டபமான பத்திரிப்புவவும் அவர் கைவண்ணமே. நகரத்தைத் தேவலோகம்போல் காட்டுவதுதான் திட்டம்: வாவிக்குப் பாற்கடல் என்று பொருள்படும் 'கிரி முகுத' என்ற பெயர், அதைச் சுற்றி மேகத் திரள்போல் ஏறி இறங்கும் மதில். இந்த மதிலின் அருகில் போய் நில்லுங்கள். வெள்ளைச் சுவரின் மேல்விளிம்பு வளைந்து வளைந்து ஓடும். உடம்பில் சின்னச் சின்ன முக்கோணப் பொந்துகள். விழா இரவுகளில் எண்ணெய் விளக்கு வைப்பதற்கானவை அவை. பிள்ளைகள் கையை விட்டுப் பார்க்கட்டும். பிறகு மதிலோடு நடந்தால் ஓரிடத்தில் அது நின்றுவிடும். 1815இல் ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்தார்கள். மிச்சத்தைக் கட்ட யாரும் வரவில்லை. எனக்கு இந்த வாவியில் முக்கியமான இடம் அதுதான்.

மாளிகைப் பக்கக் கரையில், பாதி தண்ணீருக்குள் நிற்கும் கட்டடம் அரசிகளின் குளிப்பு மண்டபம். ஆங்கிலேயர் பிற்பாடு அதன்மேல் ஒரு மாடி எழுப்பி நூலகம் ஆக்கினார்கள். நடுவிலுள்ள தீவு அரச குடும்பத்தின் ஓய்விடம். அதையும் அவர்கள் வெடிமருந்துக் கிடங்காகப் பயன்படுத்தினார்கள். அரண்மனையிலிருந்து தீவுக்குச் சுரங்கம் உண்டென்று ஓட்டோக்காரர்கள் சொல்வார்கள். அது வெறும் கதை.

மண் சுமந்தவர்கள் கூலிக்கு வந்தவர்கள் அல்லர். ராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தில் திரட்டப்பட்டவர்கள். அரசன்மேல் ஏறிய கசப்பில் இந்த வேலைக்கும் பங்குண்டு. மறுத்தவர்களை வாவிப் படுகையிலேயே கழுவேற்றினான் என்றும் சொல்வார்கள். அவனைப் பற்றிய கொடுமைக் கதைகளில் பலவற்றைப் பரப்பியவர்கள் அவனைக் கவிழ்த்தவர்களே என்பதை மனதில் வைத்துக் கேளுங்கள். அதற்காக அவனை உத்தமனாக்கவும் வேண்டாம். 1814இல் பிரதானி எகலப்பொலையின் மனைவியும் பிள்ளைகளும் அவன் ஆணையால்தான் கொல்லப்பட்டார்கள்.

சுற்றுப்பாதை மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல். காலை ஆறரைக்குள் இறங்குங்கள். பிறகு வாகன இரைச்சலில் பேசவே முடியாது. குயின்ஸ் ஹோட்டல் மூலையில் தொடங்கி அணைமேல் நடந்து, மல்வத்த விகாரைப் பக்கமாகச் சுற்றி வந்தால், திரும்பும்போது மாளிகை எதிரே விரியும். மர நிழலில் தொப்பியோ குடையோ அவசியம், மேலே நீர்க்காகங்கள் கூட்டமாக இருக்கும்! கரையில் உடும்புபோல் பெரிய கபரகொய்யா கிடந்தால் பயப்பட வேண்டாம், ஒதுங்கிப் போய்விடும். முழு வாவியையும் ஒரே பார்வையில் பார்க்க ஆர்தர்ஸ் சீட் மேட்டுக்கு ஓட்டோவில் ஏறுங்கள்; கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

வாவிக்குக் கட்டணம் இல்லை. மாளிகைக்குள் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு டிக்கட் உண்டு. இலங்கை அடையாள அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்காதீர்கள். இங்கே அது பெரிய குற்றம். மாலைப் பூசை ஆறரை மணி அளவில். ஊர்வல விழாவான எசல பெரஹெர நடக்கும் ஆடி, ஆவணி நாட்களில் வாவியைச் சுற்றிய வீதிகள் மூடப்படும், அறை வாடகையும் ஏறிவிடும். விழாவைப் பார்க்கவே வருகிறவர்கள் நேரத்தோடு பதிவு செய்யுங்கள்.

கொழும்பிலிருந்து புகையிரதத்தில் வரலாம். கண்டியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும் புகையிரதத்திலேயே போவதென்றால் பொல்கஹவெலயில் மாற வேண்டும். வாகனமென்றால் ஏ9இல் முதலில் மாத்தளை வரும். முத்துமாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுப் போகலாம்.

கண்ணுசாமியின் சிம்மாசனம் லண்டன் போய் 1934இல் திரும்பி வந்தது. கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவன் திரும்பவில்லை. 1816இல் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். தமிழ்நாட்டுக்கும் போகிற எண்ணம் இருந்தால் வேலூரில் பாலாற்றங்கரை முத்து மண்டபத்தை விசாரித்துப் போங்கள். அவன் கல்லறை அங்கேதான்.