பி.என்.ஏ. இழையை வடிவமைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் பீட்டர் நீல்சன், மைக்கேல் எக்ஹோம், ரோல்ஃப் பெர்க், ஓலே புக்கார்ட் ஆகியோர் 1991இல் அறிவித்த, டி.என்.ஏ.வைப் போன்ற செயற்கை மூலக்கூறான பெப்டைடு நியூக்ளிக் அமிலத்தில், அதாவது பி.என்.ஏ.வில், டி.என்.ஏ.வின் சர்க்கரை-பாஸ்பேட் சங்கிலி இருக்க வேண்டிய இடத்தில் அமினோஎத்தில்கிளைசின் அலகுகள் அமைடு பிணைப்பால் கோக்கப்பட்டுள்ளன. மரபுச் செய்தியின் எழுத்துகளான அடினைன், குவானைன் முதலிய காரங்கள் மட்டும் மாறவில்லை. அதை நம்பி, டி.என்.ஏ.வுக்குப் பழகிய கணக்கையே இதற்கும் போடுவதுதான் பெரும்பாலான தவறுகளுக்கு வேர்.

பாஸ்பேட் போனதும் எதிர்மின்னூட்டமும் போய்விடுகிறது. இழைகளுக்கிடையே விலக்கம் இல்லாததால், சுமார் 100 மில்லிமோலார் உப்புக் கரைசலில் பி.என்.ஏ.–டி.என்.ஏ. இணை பிரியும் வெப்பநிலை, இரண்டும் டி.என்.ஏ.வாக உள்ள இணையைவிடக் கார இணை ஒன்றுக்கு ஏறத்தாழ 1 டிகிரி செல்சியஸ் கூடுகிறது. எனவே 25 காரங்கள் கொண்ட டி.என்.ஏ. இழையின் வரிசையை அப்படியே பி.என்.ஏ.வாக்கினால், ஓரிரு காரங்கள் பொருந்தாத இடங்களிலும் அது ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலான தேவைகளுக்கு 12 முதல் 18 காரங்களே போதும். உப்பைக் கூட்டினால் பிணைப்பு வலுக்கும் என்ற எதிர்பார்ப்பும் இங்கே பலிக்காது.

அதிகம் அலைக்கழிப்பது கரைதிறன்தான். மின்னூட்டமற்ற இழைகள் நீரில் ஒன்றோடொன்று திரள்கின்றன. அடினைனும் குவானைனும் மிகுந்த வரிசைகளில், குறிப்பாகக் குவானைன்கள் அடுத்தடுத்து வரும்போது, இது கடுமையாகிறது. இலக்கை, அதாவது பி.என்.ஏ. ஒட்ட வேண்டிய பகுதியை, சில காரங்கள் தள்ளித் தேர்ந்தெடுக்க முடியுமானால் அதுவே நல்ல தீர்வு. முடியாதபோது முனையில் நேர்மின்னூட்டமுள்ள அமினோ அமிலமான லைசினை ஓரிரண்டு சேர்க்கலாம். ஆனால் அவற்றின் நேர்மின்னூட்டம் எந்த டி.என்.ஏ.வையும் வரிசை பாராமல் ஈர்க்கக்கூடும் என்பதால் தாராளமாகச் சேர்ப்பது தகாது. தனக்குத்தானே பொருந்தும் பகுதிகளையும் கூர்ந்து தேட வேண்டும், ஏனெனில் இரண்டு பி.என்.ஏ. இழைகள் சேரும் பிணைப்பு இன்னும் வலுவானது.

திசையில் பலர் தடுமாறுகிறார்கள். எதிரெதிர்த் திசையில் பொருந்தும்போதே பிணைப்பு வலுவாக இருக்கும். அதற்குப் பி.என்.ஏ.வின் அமினோ முனை, இலக்கு இழையின் இரு முனைகளில் 3' எனப்படும் முனையை நோக்கியிருக்க வேண்டும். அந்த அமினோ முனையை மூடாமல் விட்டால், pH மிகுந்த கரைசலில், பக்கத்திலுள்ள அடினைன் போன்ற காரத்தைத் தாங்கிய தொகுதி அதற்கு இடம் மாறக்கூடும். அசிட்டைல் தொகுதியால் மூடிவிடுவது பாதுகாப்பானது.

டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். வினையில், நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு இழையான முன்தொடராகப் பி.என்.ஏ.வைப் பயன்படுத்த முடியாது, நகலெடுக்கும் நொதியான பாலிமரேஸ் அதை நீட்டாது. தேவையற்ற வரிசை பெருகாமல் தடுக்கும் கவ்வியாக அது நன்கு பயன்படுகிறது. மரபணு வெளிப்பாட்டை அடக்க நினைப்பவர்கள், டி.என்.ஏ.வோடு இணைந்த ஆர்.என்.ஏ.வை வெட்டும் ஆர்.என்.ஏ.ஸ் எச் நொதியைப் பி.என்.ஏ. தூண்டுவதில்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்; தூது ஆர்.என்.ஏ. வெட்டப்படும் என்று காத்திராமல், புரத உருவாக்கம் தொடங்கும் இடத்தை மறிக்கும்படி இலக்கை அமைப்பதே ஏற்றது.