20 ரூபாய்த் தாளில் வீட்டைப் பிரிக்காதீர்கள்

போன வாரம் பாளையங்கோட்டை கோர்ட்டில் என் ஜூனியர் ஒரு தாளை நீட்டினான். "அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சம்மதம் சார். கூர்ச்சீட்டு எழுதிட்டேன், கையெழுத்து மட்டும் பாக்கி." கூர்ச்சீட்டு என்றால் யாருக்கு எந்தப் பாகம் என்று சொத்தைப் பிரித்து எழுதும் தாள். ஓரம் விட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல் அழகாக எழுதியிருந்தான். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் நானும் இதே மாதிரிதான் எழுதினேன். எரிச்சல் வந்தது அதனால்தான்.

வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதே, வில்லங்கம் பார்க்காமல் நிலம் வாங்காதே என்பதையெல்லாம் டீக்கடையிலேயே சொல்லிவிடுகிறார்கள். அதை விடுவோம்.

பதிவு செய்யாத கூர்ச்சீட்டு

1999. பெரியப்பா உயில் எழுதாமல் போய்ச்சேர்ந்தார். அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு. கருமாதி முடிந்த கையோடு அண்ணன்மார் இருவரும் என்னைத்தான் உட்கார வைத்தார்கள், புதுசாகக் கறுப்புக் கோட்டு போட்டவன் ஆயிற்றே. 20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதினேன்: முன்பக்கத்துத் தார்சாவும் பட்டாசலும் மூத்தவருக்கு. பின்பக்கத்து இரண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல் இளையவருக்கு. கிணறு பொது. நீளம் அகலம் கிடையாது, சர்வே எண் கிடையாது. இளையவர் தெருவுக்கு எந்த வழியாக வருவார் என்பதுகூடத் தாளில் இல்லை.

பெரியப்பா மகளான அக்காவின் கையெழுத்து வேண்டாமா என்று கேட்கத்தான் செய்தேன். பெரியம்மா ஒரே போடாகப் போட்டாள்: "பொம்பளப்பிள்ளைக்கு எதுக்குல கையெழுத்து? கட்டிக்குடுத்தாச்சு, சீரும் செஞ்சாச்சு." நானும் வாயை மூடிக்கொண்டேன்.

பதினைந்து வருடம் ஒரு சத்தமும் இல்லை. இளையவர் பழைய கட்டை இடித்து, கான்கிரீட் போட வங்கிக் கடன் கேட்டுப் போனார். பட்டா பெரியப்பா பெயரிலேயே கிடந்தது. கூர்ச்சீட்டை நீட்டினால் அதிகாரி தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இளையவர் தன் அண்ணனிடம் பதிவுப் பத்திரம் கேட்டார், அவர் இழுத்தடித்தார், அதற்குள் அக்கா பாகப்பிரிவினை வழக்குப் போட்டுவிட்டாள். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பெரியம்மா, இரண்டு மகன்கள், மகள் என்று நாலு பேருக்கும் சமப் பங்கு. சீர் செய்ததைச் சொல்லி அதைக் குறைக்க முடியாது.

என் தாள் கோர்ட்டில் என்ன பாடு பட்டது தெரியுமா? குறைந்த முத்திரைத் தீர்வையும், அதற்குமேல் பத்து மடங்கு அபராதமும் கட்டச் சொன்னார்கள். அதைக் கட்டிய பிறகும் யார் எந்தப் பக்கம் குடியிருந்தார் என்று காட்ட மட்டும்தான் அது உதவும், பாகம் பிரிந்ததற்குச் சாட்சியம் ஆகாது. கடைசியில் கோர்ட் அனுப்பிய கமிஷனர் வந்து டேப் பிடித்து அளந்தார். இளையவர் கட்டிய புது அடுக்களைக்கு நடுவே கோடு போயிற்று.

இதில் சின்ன சூட்சுமம் ஒன்று உண்டு. "ஏற்கெனவே வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு அனுபவித்து வருவதை ஞாபகத்துக்காக எழுதி வைக்கிறோம்" என்றால் அது வெறும் குறிப்பு. அதற்குப் பதிவு தேவையில்லை என்று 1976இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. "இன்று முதல் அடைந்துகொள்ள வேண்டியது" என்று எழுதினால் அந்தத் தாளே உரிமையைக் கொடுக்கிறது. 1908 பதிவுச் சட்டம் 17ஆம் பிரிவுப்படி பதிவு கட்டாயம். நான் இரண்டாவதை எழுதியிருந்தேன். ஒரு வினைமுற்றில் போனது வீடு. ஆனால் இதைப் படித்துவிட்டு, இன்று பிரிப்பதை நேற்றே பிரித்ததாக எழுதிவிடலாம் என்று நினைக்காதீர்கள். குறுக்கு விசாரணையில் தோலை உரித்துவிடுவார்கள்.

பூர்வீகச் சொத்தென்றால் இன்னும் கடுமை. 20.12.2004க்கு முன்பே பிரித்தாயிற்று, பெண்மக்களுக்குப் பங்கில்லை என்று சொல்ல வேண்டுமானால் பதிவான பத்திரமோ கோர்ட் டிக்ரியோ காட்ட வேண்டும். வாய்மொழிப் பாகம் என்ற பேச்சு, பட்டா போன்ற அரசு ஆவணம் பக்கபலமாக இல்லாமல் எடுபடுவதில்லை.

குடும்பத்துக்குள் பாகப்பிரிவினைக்குத் தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. கட்டிக்கொடுத்த பெண்களையும் சேர்த்து எல்லாரும் சார்பதிவாளர் முன் கையெழுத்துப் போடுங்கள். அக்காவுக்குப் பங்கு வேண்டாம் என்றால் அதை அவள் வாயால் சொன்னால் போதாது, விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். அளந்து உட்பிரிவுப் பட்டாவும் வாங்கிவிடுங்கள். எழுதிய பத்திரத்தைப் பதிய நாலு மாதம் அவகாசம், அபராதத்தோடு இன்னொரு நாலு மாதம்.

ஜூனியரிடம் கேட்டேன், "தங்கச்சி எங்க கட்டிக்குடுத்திருக்கு?"

"தங்கச்சி உண்டான்னே கேக்கலியே சார்."

பவர் பத்திரம்

தன் சார்பில் செயல்பட அதிகாரம் எழுதிக்கொடுத்தவர் கண்ணை மூடினால் சாதாரண பவரும் அன்றோடு சரி.

வாரிசுச் சான்றிதழில் தாயாரை விடுவது

மகன் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு அவனைப் பெற்ற தாயும் முதல் நிலை வாரிசு. இந்துக் குடும்பங்களில் மருமகள்மார் மறப்பது இதைத்தான். மறப்பதாகச் சொல்வதும் இதைத்தான்.

செட்டில்மெண்ட்

உயிலை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக்கொடுத்துவிடும் செட்டில்மெண்டை அப்படி முடியாது. மகனுக்கு எழுதியே தீருவேன் என்றால், கடைசிவரை என்னைப் பராமரிக்க வேண்டும் என்ற வரியைப் பத்திரத்திலேயே சேருங்கள். அந்த வரி இருந்தால்தான் 2007 மூத்த குடிமக்கள் சட்டம் 23ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) தெம்பாகப் போக முடியும்.

உயிலுக்குச் சாட்சி

இரண்டு பேர் வேண்டும், உங்களைவிட இளையவர்களாக. அம்பாசமுத்திரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் தன்னோடு கோயில் திண்ணையில் உட்காரும் இரண்டு பேரைச் சாட்சி போட்டிருந்தார். மூவரும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். சாட்சிகளில் ஒருவரின் கையெழுத்தையாவது நிரூபிக்க, அவர் வீட்டுப் பரணில் ஏறிப் பழைய கூட்டுறவுச் சங்கக் கடன் தாளைத் தேடி எடுத்தோம். பாதி கரையான் அரித்திருந்தது. நல்லவேளையாக, கையெழுத்து இருந்த பாதி மிஞ்சியிருந்தது.