கயாக் கவுந்தா திரும்ப ஏறுறது - என் அனுபவம்

சிங்கப்பூர்ல பாசிர் ரிஸ்லேர்ந்து உபின் தீவைப் பார்த்து கயாக்ல (ஒடுக்கமான சின்னத் துடுப்புப் படகு) துடுப்பு போட்டுட்டு இருக்கப்ப ஒரு பெரிய படகோட அலை பக்கவாட்டுல அடிச்சு தலைகுப்புற கவுந்துட்டேன். வெளிய வர்றது ஈஸி, ஸ்ப்ரே ஸ்கர்ட்டோட (தண்ணி உள்ள வராம இடுப்பச் சுத்தி மூடுற துணி) முன்னாடி லூப்ப இழுத்தா கழண்டுரும். ஏறுறதுலதான் மூணு தடவை தோத்தேன், நீச்சல்குளச் சுவர்ல ஏறுற மாதிரி கைய ஊன்றி எம்பினேனா, காலு படகுக்கு அடியில போயிருச்சு, கயாக் என் மேலயே சாஞ்சுது, உப்புத்தண்ணி குடிச்சதுதான் மிச்சம்.

கூட வந்த அண்ணன் கத்தினாரு, "கால மேல கொண்டு வாடா, நீச்சல் அடி!" அதான் விஷயமே. உடம்ப தண்ணி மட்டத்துக்கு படுக்கப் போட்டு, உதைச்சுக்கிட்டே கயாக்க வயித்துக்கு அடியில இழுக்கணும், நாம கைய ஊன்றி மேல எம்பக்கூடாது.

அப்புறம் பேடில் ஃப்ளோட். துடுப்போட ஒரு முனைல காத்தடிச்ச பைய மாட்டி, மறுமுனைய காக்பிட்டுக்கு (நாம உக்கார்ற குழி) பின்னாடி டெக்கோட (படகோட மேல்பரப்பு) சேத்து அழுத்திப் பிடிச்சா படகு ஆடாது. பின்பக்கம் பார்த்து குப்புறப் படுத்து, கால ஒவ்வொண்ணா உள்ள நுழைச்சு, மெதுவா திரும்பி உக்காரணும். திரும்புறப்ப ஃப்ளோட் இருக்க பக்கம்தான் சாயணும், நான் மறுபக்கம் சாஞ்சு இன்னொரு தடவை விழுந்தேன் (அண்ணன் சிரிச்சத மறக்கவே மாட்டேன்).

உக்காந்ததும் ஃப்ளோட்ட உடனே கழட்டாதீங்க, தொடை வரைக்கும் தண்ணி கிடக்கும், பம்ப் அடிச்சு முடிக்கிற வரைக்கும் அது இருக்கட்டும்.