பாராசூட் தையல் கடையில் கிடைக்கும்

சேலம் அம்மாபேட்டையில் 22 வருடங்களாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். இரவு ஒன்பது மணிக்குக் கடையைச் சாத்திய பிறகு அண்ணன் மகனோடு உட்கார்ந்து வீடியோ கேம் ஆடுவது வழக்கம். அவற்றில் என் மனதுக்கு மிக நெருக்கமானது 2010-ல் வெளிவந்த ‘அஸாசின்ஸ் கிரீட்: பிரதர்ஹுட்’. அந்த விளையாட்டில் பாராசூட் விற்பவர் ஆயுத வியாபாரி அல்ல, தையல்காரர். அதைப் பார்த்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. துணியை நம்பிக் குதிக்கிற மனிதன், அந்தத் துணியைத் தைத்தவரிடம்தானே போக வேண்டும்?

பலர் கதையை முடித்துவிட்டும் பாராசூட்டைத் தொட்டதே இல்லை என்கிறார்கள். அது தானாகக் கைக்கு வராது, அதனால்தான். 1500-ஆம் ஆண்டையொட்டிய ரோமில் கதை நடக்கிறது. அப்போது ரோமை ஆட்டிப்படைத்த போர்ஜியா குடும்பத்தார் லியோனார்டோ டா வின்சியைக் கட்டாயப்படுத்திப் போர் எந்திரங்களைச் செய்ய வைத்திருக்கிறார்கள். வரலாற்றிலும் 1502-ல் அவர் செசாரே போர்ஜியாவிடம் ராணுவப் பொறியாளராக வேலை பார்த்தவர்தான். எந்திரத் துப்பாக்கி, குண்டு போடும் பறக்கும் எந்திரம், கப்பல் பீரங்கி, கவச வண்டி என்று நான்கு எந்திரங்கள். ஒவ்வொன்றையும் அதன் வரைபடத்தோடு சேர்த்து அழிக்க வேண்டும். நான்கும் முடிந்த பிறகே பாராசூட் கிடைக்கும். ஆகவே விளையாட்டின் ஊர் வரைபடத்தில் லியோனார்டோவின் அடையாளம் தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. தையல் கடைகள் மூடிக் கிடக்கும். அந்தந்தப் பகுதியின் போர்ஜியா கோபுரத்துத் தலைவனைக் கொன்று கோபுரத்துக்குத் தீ வைத்தால்தான் அங்குள்ள கடைகளைப் பணம் கொடுத்துத் திறக்க முடியும். ஊர் முழுக்க 12 கோபுரங்கள். தையல் கடையை முதலில் திறந்துவிடுங்கள். ஒரு பாராசூட் ஒரே ஒரு குதிக்குத்தான். தீர்ந்தால் திரும்பவும் வாங்க வேண்டும்.

இனி துணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. லியோனார்டோ 1485 வாக்கில் வரைந்த பாராசூட் படம் ‘கோடெக்ஸ் அட்லாண்டிகஸ்’ என்ற தொகுப்பில், மிலான் நகரத்து அம்ப்ரோசியானா நூலகத்தில் இருக்கிறது. நான்கு முக்கோணங்கள் உச்சியில் கூடும் கூடாரம். காற்றுப் புகாதபடி இழைகளுக்கு இடையிலுள்ள கண்கள் அடைக்கப்பட்ட லினன் துணி. அகலம் 12 முழம், உயரம் 12 முழம். அவர்கள் ஊர் முழம் ஏறக்குறைய 58 சென்டிமீட்டர். அதன்படி பக்கத்துக்கு 7 மீட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். நான்கு முக்கோணத்துக்கும் சேர்த்து சுமார் 110 சதுர மீட்டர் வருகிறது. 36 அங்குல அகலக் காடா துணி என்றால் 120 மீட்டர், வெட்டில் போகும் சேதாரம் தனி. முக்கோணத்தின் சாய்ந்த விளிம்பு கிராஸாக, அதாவது இழைக்குக் குறுக்குச் சாய்வாக வெட்டுப்படும்; கிராஸ் துணி இழுத்தால் நீளும். நாடா வைத்து அடிக்காவிட்டால் ஒரு பக்கம் இறங்கி, கூடாரமே கோணிக்கொள்ளும். தாவணி ஓரத்துக்கே நான் இதைப் பார்க்கிறவள்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2000-ஆம் ஆண்டில் ஏட்ரியன் நிக்கோலஸ் என்ற ஆங்கிலேயர், மரச்சட்டமும் கித்தான் துணியுமாக ஏறக்குறைய 85 கிலோ எடையில் இதைச் செய்து, தென்னாப்பிரிக்காவில் வெப்பக்காற்று பலூனிலிருந்து இறங்கிக் காட்டினார். அவ்வளவு பாரம் தலைமேல் விழக்கூடாதே என்று கடைசி 600 மீட்டருக்கு நவீன பாராசூட்டுக்கு மாறிக்கொண்டார்.

விளையாட்டில் குதிப்பதற்கு வருவோம். முதலில், எங்கே குதிக்கக் கூடாது என்று தெரிந்துகொள்ளுங்கள். கீழே வைக்கோல் வண்டி இருந்தால் பாராசூட் வேண்டாம், வைக்கோலுக்குக் காசில்லை. இரண்டு மாடி வீட்டுக்கும் வேண்டாம். கொலோசியத்தின் மேல் விளிம்பு, காஸ்டல் சான்ட் ஆஞ்செலோ கோட்டையின் உச்சி போன்ற இடங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டில் பகோடா பாயிண்டில் நின்று பருந்தைப் பார்த்திருக்கிறீர்களா? சிறகடிக்காமல் முன்னே நழுவும். நழுவ நழுவ இறங்கிக்கொண்டே இருக்கும். பாராசூட்டும் அப்படித்தான். முன்னே போகும் ஒவ்வொரு அடிக்கும் உயரத்தைக் கொடுத்தாக வேண்டும். அதனால் இறங்கும் இடத்தைக் குதிப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். கேமராவை அந்தப் பக்கம் திருப்பி, கதாநாயகன் எட்ஸியோவின் முதுகு உங்களை நேராகப் பார்க்கும்படி நிறுத்திவிட்டு, ஓடிக் குதியுங்கள். காற்றில் இருக்கும்போதே பாராசூட்டைத் திறந்துவிடுங்கள். தரை தெரிந்த பிறகு திறக்கலாம் என்று நினைத்தால் நேரம் போதாது. திறந்த பிறகு இடமும் வலமும் அலைக்கழிக்காதீர்கள், திரும்பும் ஒவ்வொரு தடவையும் தூரம் குறையும்.

இந்தப் பாடத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தது அடுத்த பாகம். 2011-ல் வந்த ‘ரெவலேஷன்ஸ்’ கான்ஸ்டான்டிநோபிளில், அதாவது இன்றைய இஸ்தான்புல்லில் நடக்கிறது. அங்கே கலாட்டா கோபுர உச்சியிலிருந்து பாராசூட்டில் நேராகக் ‘கோல்டன் ஹார்ன்’ என்ற கடல் கழியின் நீரில் இறங்கினால், சாதனைக்கு அடையாளமாக விளையாட்டில் ஒரு கோப்பை உண்டு. 1348-ல் ஜெனோவாக்காரர்கள் கட்டிய கோபுரம் அது. 17-ஆம் நூற்றாண்டில் ஹெசார்ஃபென் அகமது செலபி என்பவர் சிறகு கட்டிக்கொண்டு அதே கோபுரத்திலிருந்து கடலைத் தாண்டிப் பறந்தார் என்று எவ்லியா செலபி என்ற பயணி எழுதிவைத்திருக்கிறார்.

மூன்று இரவு முயன்றேன். முதல் இரண்டு இரவும் கரையோர வீட்டுக் கூரையில்தான் இறங்கினேன். “அத்தை, நீங்கள் தண்ணீரைப் பார்ப்பதே இல்லை, கூரையைத்தான் பார்க்கிறீர்கள்” என்றான் அண்ணன் மகன். உண்மைதான். இடிக்குமோ என்ற பயத்தில் ஒவ்வொரு புகைக்கூண்டுக்கும் விலகி விலகிப் போயிருக்கிறேன். மூன்றாம் இரவு தெற்கே நீர் தெரிகிற திசையில் நின்று, குதித்த உடனே திறந்து, முன்னே தள்ளிய விரலைத் தளர்த்தாமல் பிடித்துக்கொண்டேன். காலுக்கடியில் கடைசிக் கூரை கடந்தது, பிறகு படகுகள், பிறகு தண்ணீர்.

நீங்களும் விழுந்ததும் கரைக்கு நீந்தி வாருங்கள். அந்த ஊரிலும் பாராசூட் தையல் கடையில்தான். அடுத்த கோபுரத்துக்கு ஏறுமுன் கையிருப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.