ஜெர்மனியில் சைபர் செக்யூரிட்டி மாஸ்டர்ஸ்: விண்ணப்பிப்பது எப்படி?

ஜெர்மனியில் தகவல் பாதுகாப்பு முதுகலை படிக்க விரும்பும் இந்திய மாணவர்கள் பெரும்பாலும் மதிப்பெண்ணை நினைத்தே கவலைப்படுகிறார்கள். ஆனால் நல்ல சிஜிபிஏ இருந்தும் விண்ணப்பம் திரும்பி வருவதற்குப் பொதுவான காரணம் வேறு. நீங்கள் இளநிலையில் படித்த பாடங்கள் அந்தப் பல்கலைக்கழகத்தின் படிப்புக்கு அடித்தளமாகப் போதும் என்பது காகிதத்தில் தெரிவதில்லை. எனவே இந்த விளக்கத்தில் அதற்கே அதிக இடம்.

படி 1: படிப்பைத் தேர்ந்தெடுத்தல்

சார்லாந்து பல்கலைக்கழகத்தின் சைபர் செக்யூரிட்டி மாஸ்டர்ஸை முழுக்க ஆங்கிலத்திலேயே படிக்கலாம். சிஸ்பா என்ற தகவல் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் இருப்பதும் அந்தப் பல்கலைக்கழகம் உள்ள சார்புரூக்கன் நகரில்தான். போஹும் நகரிலுள்ள ரூர் பல்கலைக்கழகத்தில் ஹோர்ஸ்ட் கோர்ட்ஸ் ஆய்வு நிறுவனம் 2002 முதல் இத்துறையில் இயங்குகிறது. பட்டியலைப் பார்க்கும்போது பயிற்றுமொழியை முதலில் பாருங்கள். பல நல்ல படிப்புகள் ஜெர்மன் மொழியில் நடப்பவை.

பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்கள் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. செமஸ்டர் பங்களிப்பு மட்டும் உண்டு. பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும்.

படி 2: பாட ஒப்பீட்டு அட்டவணை

பல்கலைக்கழகம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் இதைத் தயார் செய்யுங்கள். ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் நான்கு பத்திகள் போதும்: அவர்கள் கேட்கும் துறை, உங்கள் பாடத்தின் பெயரும் குறியீடும், கிரெடிட், சிலபஸ் பக்க எண்.

கணிதம், தியரிட்டிகல் கம்ப்யூட்டர் சயின்ஸ், சிஸ்டம்ஸ், ப்ரோகிராமிங் என்று பிரித்துக்கொள்ளுங்கள். டிஸ்க்ரீட் மேத்தமேட்டிக்ஸ் கணிதத்தின் கீழ் வரும், தியரி ஆஃப் கம்ப்யூடேஷன் இரண்டாவதில், ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ் மூன்றாவதில். ஐந்து எத்திக்கல் ஹேக்கிங் சான்றிதழ்கள் வைத்திருந்தாலும் கணிதப் பகுதி காலியாக இருந்தால் அவை அதை ஈடுகட்டாது. கிரிப்டோகிராஃபி என்பது எண்ணியலும் அல்ஜீப்ராவும் நிகழ்தகவும்தான்.

ஐரோப்பாவின் பொதுக் கிரெடிட் முறையான இசிடிஎஸ்-இல் ஓர் ஆண்டுப் படிப்பு 60 கிரெடிட். நான்காண்டு பிஇ-யை 240 என்று வைத்து, உங்கள் மொத்த கிரெடிட்டால் வகுத்தால் தோராயமான பெருக்கல் எண் கிடைக்கும். மொத்தம் 160 என்றால் 1.5. உங்கள் 4 கிரெடிட் பாடம் அங்கே சுமார் 6.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: வேறு ரெகுலேஷனின், அதாவது வேறு பாடத்திட்டப் பதிப்பின், சிலபஸை இணைத்துவிடுவது. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2017 ரெகுலேஷனில் படித்தவர் 2021 சிலபஸை இணைத்தால் மார்க் ஷீட்டிலுள்ள பாடக் குறியீடுகளோடு அது ஒத்துப்போகாது.

படி 3: ஜெர்மன் மதிப்பெண்

அங்கே 1.0 உச்சம், 4.0 தேர்ச்சியின் எல்லை. கணக்கு இது: அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து உங்களுடையதைக் கழியுங்கள். அதை, அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். 3-ஆல் பெருக்கி 1 கூட்டுங்கள்.

பத்துக்கு 8.2, தேர்ச்சி 5 என்றால்: 1.8 ÷ 5 × 3 + 1 = 2.08. தேர்ச்சி 4 என்று இருந்தால் அதே 8.2-க்கு 1.9 வரும். 2.0 வரை மட்டும் எடுக்கும் படிப்பில் இந்தச் சிறு வித்தியாசமே முடிவைத் தீர்மானிக்கும். எனவே குறைந்தபட்சத் தேர்ச்சி என்ன என்பது மார்க் ஷீட்டின் பின்பக்கத்தில் இல்லையென்றால் கல்லூரியிலிருந்து கடிதமாக வாங்கி வையுங்கள்.

படி 4: ஏபிஎஸ் சான்றிதழ்

உங்கள் கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரப்படும் சான்றிதழ் இது. 2022 நவம்பர் முதல் இந்தியாவில் படித்தவர்களின் மாணவர் விசாவுக்கு இது கட்டாயம். கைக்கு வரப் பல வாரங்கள் ஆகலாம் என்பதால் முதலில் தொடங்க வேண்டிய வேலை இதுதான். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இனிஷியல் ஒரு தனிச் சிக்கல். மார்க் ஷீட்டில் ‘அருண் கே’, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகச் சேர்ந்திருக்கும். இருவரும் ஒருவரே என்ற நோட்டரி உறுதிமொழிப் பத்திரத்தை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: நோக்கக் கடிதமும் செய்த வேலைகளும்

சொந்த லேபில் செய்தவற்றையும் சிடிஎஃப் என்ற ஹேக்கிங் புதிர்ப் போட்டிகளில் தீர்த்தவற்றையும் எழுதுங்கள். எதில் சிக்கினீர்கள், ஏன் சிக்கினீர்கள் என்பதையும் சேருங்கள். அனுமதி இல்லாமல் யாருடைய தளத்திலோ ஓட்டை கண்டுபிடித்ததைச் சாதனையாக எழுதவே கூடாது. ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 202அ பிரிவு பாதுகாக்கப்பட்ட தரவை அனுமதியின்றி அணுகுவதைக் குற்றமாக்குகிறது. 2007-இல் வந்த 202இ பிரிவு, அத்தகைய குற்றத்துக்குத் தயாராகக் கருவிகளை உருவாக்குவதையும் பகிர்வதையும் தண்டிக்கிறது. அங்கே போன பிறகும் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் ஸ்கேனரை ஓட்டுமுன் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

படி 6: விண்ணப்பம், பணம், விசா

பல பல்கலைக்கழகங்களுக்காக வெளிநாட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் வழியாக என்றால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30. குளிர்கால செமஸ்டருக்கு ஜூலை 15 என்று பொதுவாகச் சொல்வார்கள். வெளிநாட்டு மாணவர்களுக்குப் பல இடங்களில் அதற்கு முன்பே முடிந்துவிடும், படிப்பின் பக்கத்திலேயே பாருங்கள்.

விசாவுக்கான முடக்கக் கணக்கில், அதாவது செலவுப் பணத்தை முன்பே போட்டு வைக்கும் பிளாக்டு அக்கவுண்ட்டில், 2024 செப்டம்பர் முதல் ஓராண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். அங்கே போன பின் மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும். முதல் மாதமே அறை முன்பணம் கேட்பார்கள், அதற்கான தொகையைத் தனியாகக் கொண்டுபோங்கள்.

வீட்டுக்குக் குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியிருப்பு உறுதிக் கடிதம் தேவை. அதைத் தர மறுப்பவரிடம் அறை எடுக்காதீர்கள். அது இல்லாமல் பதிவு நடக்காது; பதிவு இல்லாமல் வங்கி வேலையும் குடியிருப்பு அனுமதியும் இழுத்துக்கொண்டே போகும்.