"அப்பா, ஒட்டாம வைங்க": விடுமுறை நாள் மதியச் சாப்பாடு

பள்ளி நாட்களில் மதியச் சாப்பாடு நம் கண்ணில் படாமலே முடிந்துவிடும். டப்பா காலியாக வந்தால் பிள்ளை சாப்பிட்டுவிட்டது என்று நிம்மதி. விடுமுறை வந்துவிட்டால் அதே சாப்பாடு தினமும் நம் கண்ணெதிரே நடக்கிறது, தட்டில் என்ன மீந்தது என்பதும் தெரிந்துவிடுகிறது.

என் மகளுக்கு ஒன்பது வயது. கலந்து செய்த எதையும் தொடமாட்டாள். மகனுக்கு ஐந்தரை. வெள்ளையாக இருந்தால்தான் வாயில் வைப்பான்: சோறு, உருளைக்கிழங்கு, தயிர், ரொட்டி, முட்டையின் வெள்ளைக்கரு. நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். மதியம் சமைத்துப் பரிமாற எனக்குக் கிடைப்பது நாற்பது நிமிடம். அதற்குள் அடங்குகிறவற்றைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் நான் செய்த தவறு. காய் உள்ளே போனால் போதும் என்று காலிஃபிளவரை வேகவைத்து அரைத்து, மகனுடைய உருளைக்கிழங்கு மசியலில் கலந்தேன். இரண்டு நாள் சாப்பிட்டான். மூன்றாம் நாள் வாசனை பிடித்துவிட்டான். அதற்குப் பிறகு மூன்று வாரம் உருளைக்கிழங்கையே தொடவில்லை. அவன் நம்பிச் சாப்பிட்ட ஐந்து பொருளில் ஒன்றை நானே பறித்துவிட்டேன். அன்றிலிருந்து எதையும் ஒளித்து வைப்பதில்லை. தட்டில் என்ன இருக்கிறது என்பது பிள்ளைக்குக் கண்ணால் தெரிய வேண்டும்.

மகள் வேறு விதமாக வழி காட்டினாள். ஒருநாள் சோறும் பட்டாணியும் சேர்த்து வதக்கி வைத்தேன். அழுதுவிட்டாள். "எனக்குப் பட்டாணி பிடிக்கும்ப்பா. ஒட்டாம வைங்க, சாப்பிடுறேன்" என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

அதனால் எங்கள் வீட்டில் இப்போது சமையல் பொது, பரிமாறுவது மட்டும் தனித்தனி. மஃபின் சுடும் ஆறு குழித் தட்டு ஒன்று இருக்கிறது. ஒரு குழியில் சோறு, ஒன்றில் பட்டாணி, ஒன்றில் வேகவைத்த மக்காச்சோளம், ஒன்றில் முட்டை, ஒன்றில் தயிர். ஆறாவது குழியில் புதிய பொருள், ஒரு பட்டாணி அளவுக்கு மட்டும். அந்தத் தட்டு இல்லாவிட்டால் சின்னக் கிண்ணங்கள் போதும். நான் விடாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான்: ஐந்து குழியில் குறைந்தது இரண்டு குழியிலாவது அந்தப் பிள்ளை நிச்சயமாகச் சாப்பிடும் பொருள் இருக்கும். சாப்பிட ஏதோ இருக்கிறது என்று தெரிந்தால்தான் புதிய பொருளைப் பயமில்லாமல் பார்க்க முடிகிறது.

எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் இதில் ஒரு பொறுப்புப் பங்கீட்டைச் சொல்கிறார். என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெரியவர் கையில். சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது குழந்தை கையில். படிக்க எளிதாக இருக்கிறது, நடக்கும்போது கஷ்டம். "இன்னும் ஒரே ஒரு வாய்" என்று சொல்லாமல் உட்கார்ந்திருக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. "காயைச் சாப்பிட்டால் இனிப்பு" என்ற பேரத்தையும் விட்டேன். அப்படிச் சொல்லும்போது காய் தண்டனையாகவும் இனிப்பு பரிசாகவும் பிள்ளை மனதில் பதிந்துவிடுகிறது.

இன்னொன்று, பொறுமை. புதிய உணவுக்குப் பயப்படுவது இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை மிக இயல்பானது. ஒரு பொருளை ஏற்றுக்கொள்ள பல குழந்தைகளுக்கு எட்டு முதல் பதினைந்து முறை பார்க்கவோ சுவைக்கவோ வேண்டியிருக்கும். நம்மில் பலர் மூன்றாவது முறையிலேயே கைவிட்டுவிடுகிறோம். நான் நாட்காட்டியில் புள்ளி வைத்தேன். கேரட்டைப் பார்ப்பது ஒரு புள்ளி, தொடுவது ஒரு புள்ளி, முகர்வது ஒரு புள்ளி. பதினோராவது புள்ளியில் மகன் ஓரத்தைக் கடித்துவிட்டு வெளியே வைத்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. பதினான்காவது முறை விழுங்கினான்.

சரி, சமையலுக்கு வருவோம்.

காலிஃபிளவரில் எனக்கு நிறைய மாறியது. காலிஃபிளவர், முட்டைக்கோஸ், புரோக்கோலி மூன்றும் ஒரே குடும்பம். தண்ணீரில் நெடுநேரம் வெந்தால் கந்தகச் சேர்மங்கள் வெளியேறி அந்த வாடை வீடெல்லாம் நிற்கும். போதாததற்கு, குழந்தைகளுக்குக் கசப்பு நம்மைவிடக் கூடுதலாகத் தெரியும், அதிலும் சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அதிகம். ஆகவே பிடிக்கவில்லை என்று சொல்கிற பிள்ளை பொய் சொல்லவில்லை. இதற்கு வழி, வேகவைக்காமல் சுடுவது. கட்டைவிரல் நுனி அளவுக்குச் சின்னப் பூக்களாகப் பிரித்து, கழுவி, துணியால் ஈரம் ஒற்றி எடுங்கள். எண்ணெயும் உப்பும் பிசறி, ஒன்றையொன்று தொடாமல் தட்டில் பரப்புங்கள். நெருக்கிப் பரப்பினால் ஆவி எழுந்து வெந்துபோகும், பழைய வாடை திரும்பிவிடும். ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் 25 நிமிடம், நடுவில் ஒருமுறை புரட்டிவிடுங்கள். ஓவன் இல்லையென்றால் அகன்ற வாணலியில், மூடாமல், மிதமான தீயில் ஓரங்கள் பழுப்பாகும் வரை. ஓரம் மொறுமொறுப்பாகி ஒரு இனிப்பு வரும். மகள் இதைக் கையால் எடுத்துத் தின்கிறாள். மகன் இன்னும் ஆறாவது புள்ளியில் இருக்கிறான்.

முட்டையிலும் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. அதிக நேரம் வேகவைத்தால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சையும் சாம்பலும் கலந்த வளையம் வரும். வெள்ளையில் இருக்கும் கந்தகமும் மஞ்சளில் இருக்கும் இரும்பும் சேர்வதால் வருவது, கெடுதல் இல்லை. ஆனால் அந்த வளையத்தைப் பார்த்ததும் பிள்ளை முட்டையை ஒதுக்கிவிடும். கொதிக்கும் நீரில் முட்டையை மெதுவாக இறக்கி, பத்து நிமிடம் கழித்து எடுத்து, உடனே குளிர்ந்த நீரில் போடுங்கள். வளையமும் வராது, ஓடும் சுலபமாக உரியும். அப்புறம், நேற்று வாங்கிய முட்டையைவிட ஒரு வாரம் ஃபிரிட்ஜில் இருந்த முட்டை நன்றாக உரியும். உரிக்கிற வேலை மகனுடையது. தானே உரித்ததை அவன் அநேகமாகத் திருப்பித் தருவதில்லை.

பாஸ்தா நாளில் சாஸைத் தனிக் கிண்ணத்தில் வைக்கிறேன், தொட்டுக்கொள்ளலாம் அல்லது விட்டுவிடலாம். ரொட்டியை விரல் அகலத்துக்கு வெட்டி வாட்டினால் தயிரிலும் சூப்பிலும் தொட்டுச் சாப்பிட நன்றாக இருக்கும். ஆப்பிளைச் சீவி எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தால் பழுப்பாகாது. பழுப்பு விழுந்த துண்டை என் மகள் தொடவே மாட்டாள். வாடிய கேரட் குச்சிகளை ஐஸ் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டால் மறுபடி மொறுமொறுவென்று ஆகிவிடும்.

இவ்வளவும் செய்து பிள்ளை சாப்பிடவில்லை என்றால், காலையிலிருந்து என்ன உள்ளே போனது என்று பாருங்கள். விடுமுறையில் பிஸ்கட் டப்பா திறந்தே இருக்கும். பத்தரைக்கு ஒரு பிஸ்கட், பதினொன்றரைக்கு ஒரு டம்ளர் பால், பன்னிரண்டுக்கு ஜூஸ் என்று போனால் ஒரு மணிக்குப் பசி எங்கிருந்து வரும்? என் வீட்டில் பாதிச் சண்டை இதனால்தான் நடந்தது. இப்போது பத்தரை மணிக்கு ஒரு சிற்றுணவு, மேசையில் உட்கார்ந்து. அதற்குப் பிறகு ஒரு மணி வரை தண்ணீர் மட்டும். "பசிக்குது" என்று பன்னிரண்டரைக்கு வந்தால், வந்து பட்டாணி உரித்துக்கொடு என்று கூப்பிட்டுக்கொள்கிறேன். உரிக்கும்போது நாலைந்து பச்சைப் பட்டாணி வாய்க்குள் போகிறது. அதை நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்வதில்லை.

கவனிக்க வேண்டிய சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குத் திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டித்தான் கொடுக்க வேண்டும். முழு முந்திரி, பாதாம், பாப்கார்ன் வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மீந்த சோற்றை வெளியே விடாதீர்கள். சோற்றில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் வெந்தாலும் சாகாது, சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் பெருகி நஞ்சைச் சுரக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. அகலத் தட்டில் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளே முடித்துவிடுங்கள்.

எல்லா அடமும் ஒரே வகை இல்லை. பிள்ளை எடை கூடாமல் நின்றாலோ குறைந்தாலோ, சாப்பிட்ட பொருட்களின் எண்ணிக்கை மாதாமாதம் சுருங்கினாலோ, புதிய உணவைக் கண்டாலே குமட்டினாலோ, இதெல்லாம் தானாகச் சரியாகும் என்று காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் போங்கள். உணவைத் தவிர்க்கும் இந்த மாதிரிப் பிரச்சினைக்கு 2013 முதல் மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கிறது. பிள்ளையைத் திட்டியோ, பெற்றவர்களைக் குறை சொல்லியோ இது தீராது.

நாளைக்குக் கொண்டைக்கடலை. இப்போதுதான் ஊறப்போட்டேன், எட்டு மணி நேரம் ஊற வேண்டும். பாதியை வேகவைத்து, பாதியை வேகவைத்தபின் ஈரம் ஒற்றி மொறுமொறுப்பாக வறுக்கப்போகிறேன். மகளுக்கு ஒரு கிண்ணம் நிறைய. மகனுக்கு மூன்று மட்டும், ஆறாவது குழியில்.