புது டயர் போட்ட முதல் 150 கிலோமீட்டர்

பைக்கில் ஸ்போர்ட் டூரிங் டயர் (வேகத்துக்கும் நெடும்பயணத்துக்கும் ஏற்றது) மாட்டியதும் வளைவில் சாய்த்துப் பார்க்கக் கை துறுதுறுக்கும்; பொறுங்கள். புது ரப்பரின் மேற்பரப்பு வழவழப்பானது, சாலையைச் சரியாகப் பிடிக்காது. முதல் 150 கிலோமீட்டருக்கு ஈரச்சாலையைத் தவிர்த்து, சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நெடுஞ்சாலையில் நேராகவே ஓட்டினால் நடுப்பகுதி மட்டும்தான் தேயும். ஓரத்தில் பளபளப்பு மிச்சமிருந்தால் அந்த இடம் இன்னும் புதுசுதான், மீட்டர் எவ்வளவு காட்டினாலும்.

மாட்டும்போது ரிம் விளிம்பில் தடவிய சோப்புநீர் காய ஒரு நாள் விடுங்கள். அதற்குள் ஆக்சிலேட்டரைப் பலமாக முறுக்கினாலோ பிரேக்கை அழுத்திப் பிடித்தாலோ டயர் ரிம்மிலேயே நழுவி, பேலன்ஸ் கெடும்.

கடையிலிருந்து கிளம்பும்முன் பிரேக் லீவரை இறுகும்வரை அழுத்துங்கள். சக்கரத்தைக் கழற்றும்போது, டிஸ்க்கைப் பிடிக்கும் பிரேக் பேட் பின்வாங்கியிருக்கும். இதை மறந்தால் முதல் சிக்னலில் பிரேக் இருக்காது. டயரின் அம்புக்குறி சுழலும் திசையைக் காட்ட வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள தேதிக் குறியீடு 2325 என்றிருந்தால் 2025-இன் 23-ஆவது வாரத் தயாரிப்பு.

டயரில் அச்சிட்டிருப்பது உச்சக் காற்றழுத்தம். வண்டி ஸ்டிக்கரில் உள்ள அளவையே, டயர் குளிர்ந்திருக்கும்போது அடியுங்கள். பல டூரிங் வண்டிகளுக்கு முன்னால் 36, பின்னால் 42 பி.எஸ்.ஐ. மறுநாள் மீண்டும் பாருங்கள்.

பழையது நடுவில் தட்டையாகியிருந்ததால், புது டயரில் வண்டி சட்டென்று சாயும். அது கோளாறு அல்ல.